எத்தனை அடி தாங்குவாய்?

லான்மடாப் பேட்டையில் எங்கள் தமிழ் மாதா கோவிலுக்குப் பின்சந்தில் குடியிருந்த அத்தை, புதிதாக ஒருவரைப் பார்த்தால் ஊர் கேட்கமாட்டார், வேலை கேட்கமாட்டார். தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு ஓர் எண்ணைச் சொல்வார். "நாலு." அவ்வளவுதான், அந்த ஆளின் கதை முடிந்தது.

நாலு என்றால் நாலு அடி. ரோமாபுரி ராயனின் சேவகர்கள் பிடித்துக்கொண்டு போய்ச் சவுக்கால் விளாசினால், நாலாவது அடியில் அந்த ஆள் வேதத்தை விட்டுவிட்டு விக்கிரகத்துக்கு முன்னால் தூபம் போட்டுவிடுவான் என்று அர்த்தம். நாங்கள் இருந்தது ரங்கூனில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில். ரோமாபுரி ராயன் செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அதைப் பற்றி அத்தைக்குக் கவலையில்லை. கோவிலுக்கு வருகிற எல்லோருக்கும் ஓர் எண் இருந்தது. கோவில் மணி அடிப்பவருக்கு ஆறு. தச்சுவேலை செய்த மரியானுக்கு இருபது, அதுதான் எங்கள் கோவிலிலேயே பெரிய எண். எனக்கு ஒன்று. அதுவும் முதல் அடி முழுசாக விழுந்து முடியாது, பாதியிலேயே ஊதுபத்தி எங்கே என்று கேட்பேன் என்று ஒரு விளக்கம் வேறு.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. பகலில் ஓர் ஆபீஸில் டைப் அடிப்பேன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஆர்மோனியம் வாசிப்பேன். கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த பெண்ணை இப்படியா நாலு பேர் முன்னால் சொல்வது? மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்கள் என்று என் அம்மா சண்டைக்கே போய்விட்டார். "அந்தப் பையனுக்கு ஒன்றரைதான், ஜோடிப் பொருத்தம் சரியா இருக்கு" என்று அத்தை சமாதானம் சொல்லி அனுப்பினார்.

அவரை இன்னாருக்கு அத்தை என்று யாராலும் சொல்ல முடியாது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு பன்னிரண்டு பேருக்கு மாதச் சாப்பாடு போட்டுப் பிழைத்தார். சாப்பிட வந்த குமாஸ்தாக்கள் அத்தை என்று கூப்பிட, கோவிலுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் வேதசாட்சி அத்தை. அட்டை போன ஒரு தடித்த புத்தகம் அவரிடம் இருந்தது. முதல் நூற்றாண்டுகளில் வேதத்துக்காக உயிரைக் கொடுத்த வேதசாட்சிகள் எப்படியெல்லாம் செத்தார்கள் என்று அதில் விலாவாரியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் முற்றத்தில் உட்கார்ந்து பெண்களுக்கு வாசித்துக் காட்டுவார். பூசையில் கொட்டாவி விட்டவர்கள் எல்லாம் இதற்கு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். எண்ணெய்க் கொப்பரை, காட்டு மிருகம், இரும்புக் கம்பி என்று வாரத்துக்கு ஒன்று. இரும்புக் கம்பிமேல் கிடத்தி நெருப்பு மூட்டப்பட்டவர், ஒரு பக்கம் வெந்துவிட்டது மறுபக்கம் திருப்புங்கள் என்று கேலி செய்தாராம். அந்தக் கதை அத்தைக்கு உயிர். மீன் பொரிக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டேதான் திருப்பிப் போடுவார். சாப்பிட உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்களுக்கு எப்படி இறங்கியதோ தெரியாது.

ஒருநாள் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எங்களுக்கெல்லாம் எண்ணு சொல்றீங்களே, உங்களுக்கு எத்தனை அத்தை?" என்று கேட்டுவிட்டேன்.

அத்தை புத்தகத்தை மூடினார். "எனக்கு அடி கிடையாதுடி. எனக்குச் சிங்கம்."

சிரிக்கவே இல்லை. நிஜமாகவே சொன்னார். வெள்ளைச் சேலை ஒன்றைச் சலவைக்குப் போட்டுத் தனியாகப் பெட்டியில் மடித்து வைத்திருந்தார், அந்த நாளுக்காம். ரங்கூனில் சிங்கம் மிருகக்காட்சிச் சாலையில்தான் இருந்தது, அதுவும் கிழடு. அதைச் சொன்னால் எனக்கு அரை அடியாகக் குறைத்துவிடுவார் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

எங்கள் கோவிலில் பூசை வைத்த வெள்ளைக்காரச் சாமியோடு அவருக்குத் தீராத வழக்கு ஒன்று இருந்தது. ஆப்பிரிக்கக் கரைப் பட்டணம் ஒன்றின் ஆயர், கிறிஸ்தவர்களைப் பிடித்து வதைத்த கலாபனை வந்தபோது ஊரைவிட்டுப் போய் ஒளிந்துகொண்டு, அங்கிருந்தே கடிதம் எழுதிச் சபையை நடத்தினார் என்று புத்தகத்தில் இருந்தது. பிறகு இன்னொரு கலாபனையில் அவரே தலையைக் கொடுத்தார். மேய்ப்பன் முதல் நாளே செத்தால் ஆடுகளை யார் பார்ப்பது, அவர் செய்தது சரி என்பார் சாமி. "பின்னால குடுத்தாரு, நான் இல்லேங்கல. முதல்ல ஓடினாரா இல்லையா?" என்பார் அத்தை. இரண்டு பேரும் முற்றத்தில் நின்று இதைப் பற்றி வாதாடுவதைக் கேட்டால், அந்த ஆயர் நேற்றுத்தான் பக்கத்துத் தெருவிலிருந்து ஓடினார் என்று தோன்றும்.

சூசைக்கு அத்தை கொடுத்த எண் இரண்டு. சூசை ஓர் அரசாங்கக் கிடங்கில் குமாஸ்தா. முப்பத்தைந்து வயது, கலியாணமில்லை, அம்மாவும் இரண்டு தங்கச்சிகளும் அவர் கையை எதிர்பார்த்து இருந்தார்கள். பேசினால் எதிரில் நிற்பவருக்கே கேட்காது. வீட்டில் காலைக் கஞ்சி, மத்தியானம் அத்தையின் மெஸ்.

ஒரு மத்தியானம் நான் குழம்பு வாங்க அங்கே போயிருந்தேன். பர்மாக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்று, கோ தின் மவுங் இருக்கிறாரா என்று பர்மியில் கேட்டார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்ல அத்தை வாயெடுத்தார். அதற்குள் சூசை பழக்கதோஷத்தில் "ஷிபாடே" என்று குரல் கொடுத்துவிட்டார். இருக்கிறேன் என்று அர்த்தம். கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றுவிட்டது, முகத்தில் ஈயாடவில்லை.

வந்தவர் கிடங்கிலிருந்து ஏதோ சாவி கேட்டு வந்திருந்தார், வாங்கிக்கொண்டு போய்விட்டார். அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். சூசை தானாகவே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஆபீஸில் இந்தியர்களை ஒவ்வொருவராக வேலையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பயந்துபோய் ஆபீஸ் பாரத்தில் பர்மாப் பெயரை எழுதி, மதம் என்ற இடத்தில் பௌத்தம் என்றும் எழுதிவிட்டாராம். வீட்டில், கோவிலில், வார்டு ஆபீஸில் எல்லாம் சூசைதான், கிடங்கில் மட்டும்தான் கோ தின் மவுங்.

"சீட்டு எழுதிட்டியா?" என்றார் அத்தை.

அது புத்தகத்தில் இருந்த விஷயம். கலாபனைக் காலத்தில் சில கிறிஸ்தவர்கள் தூபம் போடவில்லை, ஆனால் போட்டதாக அதிகாரியிடம் ஒரு சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு தப்பித்தார்கள். கலாபனை முடிந்ததும் வெட்கத்தோடு கோவிலுக்குத் திரும்பி வந்தார்கள். அவர்களை என்ன செய்வது என்று ஆயர்கள் எல்லாம் கூடி மண்டையை உடைத்துக்கொண்டார்கள். சில ஊர்களில் முதலில் வாசலுக்கு வெளியே நின்று அழ வேண்டும், பிறகு கதவோரம் நின்று கேட்கலாம், பிறகு உள்ளே முழங்காலில் இருக்கலாம், கடைசியில்தான் மற்றவர்களோடு நிற்கலாம். அத்தை சூசையை முதல் படியில் வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சூசை கோவில் வாசலுக்கு வெளியே, செருப்புகளுக்கு நடுவே நின்றார்.

யாரைக் கேட்டு வைத்தார் என்கிறீர்களா? யாரையும் கேட்கவில்லை. சாமி இரண்டு தடவை வெளியே போய்ச் சூசையின் கையைப் பிடித்துக் கூப்பிட்டார். சூசை அத்தையின் பக்கம் பார்த்துவிட்டு, பரவாயில்லை சாமி, இங்கே காற்று வருகிறது என்று சொல்லிவிட்டார். அவருக்கு அழுகையும் வரவில்லை. முகத்தையாவது தொங்கப் போட்டுக்கொள் என்று அத்தை பாதிப் பூசையில் திரும்பிச் சைகை காட்டுவார். மழைக்காலம் வந்தது, குடையைக் கொடுத்தனுப்பினார். மெஸ்ஸில் மட்டும் சூசைக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை, எல்லோருக்கும் போட்ட பிறகு கடைசியில் போடுவார், ஆனால் பெரிய துண்டு மீனாக இருக்கும். எனக்கு அத்தையின் மேல் அப்போது கோபம் கோபமாக வந்தது. ஆர்மோனியத்தின் முன்னாலிருந்து பார்த்தால் வாசலில் நனைந்த லுங்கியோடு நிற்பவர் நேராகத் தெரிவார். ஒரு வார்த்தை கேட்கத் தைரியம் வந்ததா? ஒரு அடிக்காரிதானே நான்.

சூசை அத்தையிடம் கோபப்பட்டதே இல்லை. எப்போதும் போலச் சனிக்கிழமை தோறும் அத்தையோடு அரசாங்கத்தின் மக்கள் கடைக்குப் போய் வரிசையில் நிற்பார். அரிசியும் எண்ணெயும் அப்போது வீட்டுப் பதிவுச் சீட்டைக் காட்டினால்தான் கிடைக்கும். சீட்டு முழுக்கப் பர்மி எழுத்து. அத்தைக்குத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு, பர்மி எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. சீட்டை மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் சொருகி வைத்திருந்தார். அதை எடுத்துக் கொடுத்து எத்தனை வீசை எண்ணெய் என்று பார்த்துச் சொல்லடா என்பார், சூசை பார்த்துச் சொல்வார்.

அறுபத்தாறில் வெளிநாட்டுச் சாமிமார் பலருக்கு ஊரைவிட்டுப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. எங்கள் சாமிக்கும் வந்தது. அத்தைக்குத் திருவிழா வந்த மாதிரி ஆகிவிட்டது, சொல்லக் கூடாது, ஆனாலும் உண்மை. சாமி போகமாட்டேன் என்று பீடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார், பிடித்துப் போக வருவார்கள் என்று எதிர்பார்த்தார். புத்தகத்தில் ஸ்மிர்னா பட்டணத்துக் கிழ ஆயர் தன்னைப் பிடிக்க வந்தவர்களுக்குச் சோறு போட்டாராம், அதனால் அத்தை முப்பது பேருக்குப் பிரியாணி அரிசியைப் பொறுக்கி வைத்தார். வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போட்டார்.

சாமி டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். அழுதுகொண்டேதான் போனார், பாவம். போகும்போது அத்தையிடம், சூசையை உள்ளே விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். "நீங்க போயிட்டு வாங்க சாமி. வாசல்ல நிக்கிறவனை நான் பாத்துக்கறேன்" என்றார் அத்தை. சாமிக்குப் பதினைந்து என்று இருந்த எண் அன்று சாயங்காலமே ஏழாகிவிட்டது. பிரியாணியை நாங்கள் சாப்பிட்டோம்.

பிறகுதான் தலைவலி ஆரம்பித்தது. வேறு கோவில் சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வர முடியும். மற்ற நாளில் செபத்தை நடத்த எங்களில் ஒருவர் வேண்டும். வார்டு ஆபீஸிலிருந்து வேறு ஆள் வந்தது. கூட்டம் கூடுகிற இடத்துக்குப் பொறுப்பாக ஒருவர் பெயர் வேண்டும், அவர் பர்மியில் எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும், இங்கே வருகிற கிறிஸ்தவக் குடும்பங்களின் பட்டியல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் இதெல்லாம் இல்லையென்றால் கதவுக்குப் பூட்டு. ஆப்பிரிக்கக் கரை ஆயர் கடிதம் எழுதியே சபையை நடத்தினார், எங்களுக்குக் கடிதம் எழுதவும் ஆளில்லை.

இருபது அடி மரியானைப் போடலாம் என்றார் அத்தை. மரியான் தலையைச் சொறிந்தார். அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் டிக்கெட் வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது, அத்தைக்குப் பயந்து சொல்லவில்லை. மணி அடிப்பவருக்குப் பர்மி எழுத்து தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் பெண்பிள்ளை பெயரை எழுதுவதா என்று பெரியவர்கள் இழுத்தார்கள், உண்மையைச் சொன்னால் நானும் உள்ளுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னேன். கடைசியில் எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வார்டு ஆபீஸ் எழுத்தர் கோ மியா, வீட்டுப் பதிவுகள் எல்லாம் இருந்த பெரிய பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். மரியாதையான பையன், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அத்தை எழுந்து நின்றுவிட்டார். சீட்டு எழுதினவன் சபைக்கு மூப்பனாக நிற்பதாக இருந்தால், நான் இந்தக் கோவில் படியை இனி மிதிக்கமாட்டேன் என்றார். பெண்களில் பாதிப்பேர் அவரோடு எழுந்தார்கள். வாராவாரம் கதை கேட்டவர்கள் ஆயிற்றே.

அப்போது சூசை வாசலிலிருந்து உள்ளே வந்தார். ஒரு வருஷத்தில் முதல் தடவை. கோ மியாவின் முன்னால் போய் நின்று, பொறுப்புக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்று பர்மியில் சொன்னார். சூசை என்றே சொன்னார். வார்டு ஆபீஸில் எழுதினால் கிடங்குக்குத் தெரிய எத்தனை நாளாகும்? அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அத்தை உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.

அடுத்தது பட்டியல். கோ மியா பதிவேட்டைச் சூசையிடம் தள்ளி, படிக்கச் சொன்னார். சூசை ஒவ்வொரு பெயராகப் படித்து, பக்கத்திலிருந்த மதத்தையும் தமிழில் படிப்பார், பெயருக்குரியவர் ஷிபாடே என்று சொல்ல வேண்டும். அத்தையின் முறை வந்தது. அவருக்கு ஒரு பெயர் இருந்தது என்பதே எங்களில் பலருக்கு அன்றுதான் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை, அவருக்குப் பிடிக்காது. கோபத்திலும் அத்தை "ஷிபாடே" என்று கூரை அதிரச் சொன்னார். சூசை ஒரு கணம் நின்று, "கிறிஸ்தவம்" என்று படித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

நான் ஆர்மோனியத்தின் பக்கத்தில் நின்று சூசையின் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே அப்படி எழுதியிருக்கவில்லை.

கோ மியாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கிறிஸ்தவம் என்ற சொல் எந்த மொழியிலும் புரியுமே. அவர் விரலை வைத்து நிறுத்தினார். இல்லை, இந்த அம்மா பௌத்தம் என்று பர்மியில் சொன்னார். அது எங்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். அத்தையின் ஒரே மகள் ஒரு பர்மாக்காரரைக் கட்டிக்கொண்டு ரங்கூனுக்கு வெளியே த்வாண்டேயில் இருந்தாள். அங்கே போகுமுன் இருவரும் அத்தை வீட்டில் இருந்தபோது, மாமியாருக்கு உதவியாக இருக்கட்டும் என்று மருமகன் வீட்டுப் பதிவுப் பாரத்தை நிரப்பிக் கொடுத்திருந்தார். முதல் வரியில் தன் பெயர், தன் மதம். அடுத்தடுத்த வரிகளில் மதம் என்ற இடத்தில் மேலே உள்ளபடி என்பதற்கு இரண்டு சின்னக் கோடுகள். மகளும் மருமகனும் பிறகு த்வாண்டே பதிவுக்கு மாறிப் போய்விட்டார்கள், கோடுகள் மட்டும் அத்தையோடு தங்கிவிட்டன. அத்தை மாதாவை வேண்டிக்கொண்டு அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். வாராவாரம் அந்தச் சீட்டைக் காட்டித்தான் எண்ணெய் வாங்கியிருந்தார்.

அத்தை கிட்டே வந்து பதிவேட்டைக் குனிந்து பார்த்தார். "இந்த ரெண்டு கோடா?"

"ஆமா அத்தை" என்றார் சூசை.

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும். கடையில சீட்டைக் குடுத்துப் படிக்கச் சொன்னீங்களே, முதல் நாளே பாத்தேன்."

"நான் உன்னை வாசல்ல நிறுத்துறதுக்கு முன்னயா?"

சூசை தலையை ஆட்டினார்.

"ஏண்டா சொல்லல?"

"சொன்னா நீங்க எண்ணெய் வாங்க மாட்டீங்க அத்தை."

அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். எத்தனையோ பேர் இருக்க, ஏன் என்னைப் பார்த்தார் என்று இன்றைக்கும் தெரியாது. "சிங்கம்னு சொன்னேன்ல?" என்றார். "ஒரு அடிகூட விழலடி எனக்கு. பேனாவைக் குடுத்தாங்க, போட்டுட்டேன்." பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து, வாசலுக்கு வெளியே போய்ச் செருப்புகளுக்கு நடுவே நின்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, அங்கேயே அழுதுவிட்டேன்.

கோவில் பூட்டப்படவில்லை. சூசை செபத்தை நடத்தினார், இரண்டாவது பெஞ்சுக்கு அப்பால் யாருக்கும் கேட்காது. கேட்கவில்லை, சத்தமாகச் சொல் என்று வாசலிலிருந்து அத்தை அதட்டுவார். மாதம் ஒருமுறை வந்த சாமியார், தெரியாமல் செய்தது பாவமில்லை என்று எவ்வளவோ சொன்னார். நேற்று வந்தவருக்கு என்ன தெரியும் என்று அத்தை அசையவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சூசை வாசல்வரை போய் உள்ளே வாங்க அத்தை என்பார், இன்னும் ஆகல என்று பதில் வரும். மழைக்குக் குடையை இந்தத் தடவை சூசை கொடுத்தார். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, அந்தக் காலத்தில் வெளியே நின்றவர்களை மூப்பர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகிற நாள் இதுதான் என்று உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது என்றார் சூசை. அத்தை வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தார், அது பழுப்பேறிப் போயிருந்தது.

வார்டு ஆபீஸுக்குப் போய் இரண்டு கோடுகளையும் அடித்துத் திருத்தச் சொன்னார். திருத்தி வரும்வரை சீட்டு ஆபீஸில் இருக்கும் என்றார்கள். அந்த மூன்று மாதம் மெஸ்ஸுக்குச் சூசை வீட்டு எண்ணெய்தான். சூசையின் விஷயமும் கிடங்குக்குத் தெரிந்துவிட்டது. வேலையை எடுக்கவில்லை, ஆறு தாண்டிக் கியாக்தானில் இருந்த சின்னக் கிடங்குக்குத் தூக்கியடித்தார்கள். வேதசாட்சி முடிக்குப் பதிலாகச் சூசைக்குக் கிடைத்தது தினமும் போக வரப் படகும் அந்தக் கியாக்தான் பஸ்ஸும். விடியுமுன் கிளம்புவார், அத்தை அதற்குமுன் எழுந்து அவருக்குச் சோறு கட்டுவார்.

அப்படி ஒரு விடியற்காலையில் நான் கொஞ்சம் தீக்குச்சி கேட்கப் போனேன். அத்தை மீன் பொரித்துக்கொண்டிருந்தார். கம்பிமேல் வெந்தவரின் கதை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அவர் ஆட்களுக்கு எண் சொல்லியும் பல மாதங்கள் ஆகியிருந்தன. என் வாய்தான் தெரியுமே.

"அத்தை, சூசைக்கு இப்ப எத்தனை அடி?"

அத்தை மீனைத் திருப்பிப் போட்டார்.

"அவனை யாருடி அடிக்கிறது? என்னைத் தாண்டித்தான அடிக்கணும்."